வாக்குச்சீட்டில் 'ஆம்' என்பதன் பொருள்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பணிபுரியும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

சென்ற வாரம் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு தம்பி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். முனைவர் பட்டத்துக்காக அமெரிக்கா வந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. முதலாமாண்டு இயற்பியல் ஆய்வகப் பாடத்துக்கு டிஏவாக, அதாவது கற்பித்தல் உதவியாளராக இருக்கிறார். அவருடைய பல்கலைக்கழகத்தின் மாணவர் ஊழியர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு அங்கீகாரம் கேட்டு வாக்கெடுப்பு அறிவித்திருந்தது. "அக்கா, நான் 'ஆம்'னு போட்டா வர்ற திங்கக்கிழமை லேபுக்குப் போகக் கூடாதா?" என்று கேட்டார். இல்லை என்று விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. அழைப்பை முடிக்கும் முன் அவர் சொன்ன செய்திதான் என்னை உறங்கவிடவில்லை. அவருடன் தங்கியிருக்கும் மூவரும் இதே குழப்பத்தில் இருக்கிறார்கள் என்றும், எதற்கு வம்பு என்று நால்வருமே வாக்களிக்காமல் இருந்துவிட முடிவு செய்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

நானும் அந்த முடிவை ஒருமுறை எடுத்தவள். நான் படித்த பல்கலைக்கழகத்தில் என் இரண்டாம் ஆண்டில் இப்படியொரு வாக்கெடுப்பு நடந்தபோது, மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறக்காமலே விட்டுவிட்டேன். மூன்றாண்டுகள் கழித்து, சங்கத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான அடுத்த ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை தொடங்கியபோது, துறைப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்று, பேச்சுவார்த்தை அறையின் பின்வரிசையில் பல நாட்கள் உட்கார்ந்திருந்தேன். அங்கு கண்டவற்றை முதல் வாக்கெடுப்பின்போதே யாராவது தமிழில் எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் அந்த இணைப்பைத் திறந்திருப்பேன். எனவே உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

'வேலைநிறுத்த வாக்கெடுப்பு' என்ற சொல்லிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. வேலைநிறுத்தம் என்றாலே, சங்கத் தலைவர்கள் ஒரு தேதியை அறிவிப்பார்கள், அந்தத் தேதியில் வேலை நிற்கும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அதனால் வாக்கெடுப்பு என்றதும், 'ஆம்' என்போர் அதிகமானால் மறுநாளே வகுப்புகள் நின்றுவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த வாக்குச்சீட்டு கேட்பது வேறு கேள்வி. பேச்சுவார்த்தையில் நியாயமான உடன்பாடு எட்டப்படாமல் போனால், வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுக்கும் அதிகாரத்தை நாம் தேர்ந்தெடுத்த பேச்சுவார்த்தைக் குழுவுக்கு வழங்குகிறோமா என்பதுதான் அது. 'ஆம்' என்ற முடிவு வந்தாலும் தேதி எதுவும் தானாக உறுதியாகிவிடாது. அதன் பிறகும் பேச்சு தொடரும். பல இடங்களில் அங்கீகாரம் கிடைத்த பிறகு, வேலை ஒரு நாள்கூட நிற்காமலே ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. வேலைநிறுத்தம் நடந்த இடங்களிலும் இடைவெளி இருந்தது. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2023 மார்ச் மாதம் நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 94% பேர் அங்கீகாரம் அளித்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியதோ ஏப்ரல் 10ஆம் தேதி. அந்த ஒரு மாதமும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டுதான் இருந்தது.

இந்த வாக்கெடுப்புகள் பெரும்பாலும் ஒப்பந்தம் காலாவதியாகும் நாளை ஒட்டியே வருவதற்கும் காரணம் உண்டு. நடப்பு ஒப்பந்தங்களில் பொதுவாக, ஒப்பந்தக் காலம் முடியும் வரை வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று சங்கம் உறுதியளிக்கும் ஒரு பிரிவு இருக்கும். அந்தப் பிரிவு உயிரோடு இருக்கும் வரை, சம்பளம் போதவில்லை என்பதற்காக யாரும் வேலையை நிறுத்த முடியாது. ஒப்பந்தம் முடிந்த பிறகே அந்தக் கட்டு தளர்கிறது. எனவே நிர்வாகத் தரப்பு அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் மேசையில் நடந்துகொள்ளும் விதம் ஒன்றாக இருப்பதில்லை.

அந்த மேசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேசையின் ஒரு பக்கம் நம் குழுவினர் ஏழு பேர். எல்லோருமே மாணவர்கள். ஒருவர் இரவெல்லாம் விடைத்தாள் திருத்திவிட்டு வந்திருப்பார். மறுபக்கம் பல்கலைக்கழகம் அமர்த்திய வழக்கறிஞர், மனிதவளத் துறையினர், முதுநிலைப் படிப்புகளுக்கான டீன் அலுவலகத்திலிருந்து ஒருவர். ஒப்பந்தத்தை ஒரேயடியாகப் பேசி முடிப்பதில்லை, பிரிவு பிரிவாகப் பேசுவார்கள். அறிவிப்புப் பலகை, பணி நியமனக் கடிதம் வந்து சேர வேண்டிய நாள், குறைதீர்ப்பு நடைமுறை போன்ற பணம் சாராத பிரிவுகளில் முதலில் உடன்பாடு வரும். ஒவ்வொன்றிலும் இரு தரப்பும் கையொப்பமிட்டு எடுத்து வைப்பார்கள். ஊதியம், மருத்துவக் காப்பீடு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவை மட்டும் கடைசி வரை மேசையிலேயே கிடக்கும். எங்கள் பேச்சுவார்த்தையில் துணைவருக்கும் பிள்ளைகளுக்குமான மருத்துவக் காப்பீட்டுப் பிரிவு அப்படித்தான் கிடந்தது. ஒவ்வோர் அமர்விலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதே தாளை அதே எண்களுடன் மேசையில் வைத்து, "இதில் எங்கள் நிலைப்பாட்டில் மாற்றமில்லை" என்று கூறிவிட்டு அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார். ஐந்து மாதங்கள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் குழுவில் ஒருவருடைய மனைவி அப்போது கருவுற்றிருந்தார். அந்தத் தாள் மேசைக்கு வரும்போதெல்லாம் அவர் முகத்தை நான் பார்க்க மாட்டேன்.

வாக்கெடுப்பு முடிந்து முடிவு அறிவிக்கப்பட்டதற்கு அடுத்த அமர்வு, சொன்ன நேரத்துக்குத் தொடங்கவில்லை. நிர்வாகத் தரப்பினர் பக்கத்து அறையில் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே வந்தபோது வழக்கறிஞரின் கையில் இருந்தது வேறு தாள். நாங்கள் கேட்டதெல்லாம் அதில் இல்லை. ஆனாலும் ஐந்து மாதங்களாக அசையாத எண் அன்று அசைந்தது. வாக்கெடுப்புதான் காரணம் என்று அவர்கள் தரப்பில் யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். அந்த அறையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அதில் ஐயம் இருக்கவில்லை. எங்கள் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. வேலையை நிறுத்தத் துணிந்தவர்கள் எத்தனை பேர் என்பது எதிர்த்தரப்புக்குத் தெரிய வந்தது, அவ்வளவே.

ஆகையால் வாக்கெடுப்பின் முடிவில் இரண்டு எண்களைப் பாருங்கள் என்று சொல்வேன். எத்தனை விழுக்காட்டினர் 'ஆம்' என்றார்கள் என்பது ஓர் எண். மொத்தம் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பது இன்னோர் எண். செய்திகளில் முதல் எண் பெரிதாக வரும். பேச்சுவார்த்தை மேசையில் இரண்டாவது எண்ணைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். 2022ஆம் ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கல்விசார் ஊழியர்கள் சுமார் 48,000 பேருக்கான வாக்கெடுப்பு அக்டோபர் இறுதியில் தொடங்கி நவம்பர் 2ஆம் தேதி முடிந்தது. 36,000-க்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். அவர்களில் சுமார் 98% பேர் 'ஆம்' என்றார்கள். 98% என்பதைவிட அந்த 36,000 என்ற எண்ணிக்கையே கனமானது. ஆயிரம் பேர் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இருநூறு பேர் மட்டும் வாக்களித்து, அதில் 98% ஆதரவு என்று அறிவித்தால், மீதி எண்ணூறு பேர் வேலைநிறுத்தத்துக்கு வரப்போவதில்லை என்று கணக்கிட்டு நிர்வாகம் பழைய தாளையே மீண்டும் நீட்டும். அந்த நான்கு தம்பிகள் ஒதுங்கி நின்றால் நடுநிலை வகிப்பதாக நினைக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய மௌனத்தை எதிர்த்தரப்பு தன் கணக்கில்தான் சேர்த்துக்கொள்ளும்.

இந்த வாக்கெடுப்பை நடத்தச் சொல்வது யார் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் வாக்கெடுப்பையே சட்டம் வகுத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தில், தகுதியுள்ளவர்களில் பாதிப் பேராவது வாக்களித்தாக வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தார்கள். அமெரிக்காவில் தனியார் துறைக்கான தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் வேலைநிறுத்தத்துக்கு முன் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும் என்று விதிக்கவில்லை. அந்தக் கடப்பாடு ஒவ்வொரு சங்கத்தின் அமைப்பு விதிகளிலிருந்து வருவது. மாணவ ஊழியர்கள் பலர் சேர்ந்திருக்கும் யுஏடபிள்யூ, அதாவது ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் விதிப்படி, ரகசிய வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தாக வேண்டும். அதற்கு மேல் சங்கத்தின் தேசியத் தலைமையும் ஒப்புதல் தர வேண்டும். வாகனத் தொழிற்சாலைச் சங்கத்தில் நமக்கென்ன வேலை என்று வியக்கிறவர்கள் உண்டு. இன்று அதன் உறுப்பினர்களில் கணிசமானோர் உயர்கல்வித் துறையினர். யார் வாக்களிக்கலாம் என்பதும் சங்கத்துக்குச் சங்கம் மாறும். சில இடங்களில் உறுப்பினர் அட்டையில் கையொப்பமிட்டிருந்தால்தான் வாக்கு. இதை வாக்கெடுப்பின் கடைசி நாள் இரவில் தெரிந்துகொண்டு பதறாமல் இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அச்சத்தைப் பற்றிப் பேச வேண்டும். அது நியாயமான அச்சம். நம்மில் பெரும்பாலோர் எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருக்கிறோம். வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், வெளியில் வேறு வேலை தேடிக்கொள்ள வழியில்லை. வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் பல்கலைக்கழகம் தரும் ஸ்டைபண்டிலிருந்தே வர வேண்டும். கைடின் ஒரு பரிந்துரைக் கடிதத்தில் நம் எதிர்காலம் தொங்குகிறது. இந்த நிலையில் இருப்பவரிடம் 'பயப்படாதே' என்று சொல்லிவிட்டுப் போவது பொறுப்பற்ற செயல். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பிரித்துச் சொல்வதே முறை.

வாக்களிப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. வாக்கெடுப்பை நடத்துவது சங்கம்; நிர்வாகத்துக்கும் உங்கள் கைடுக்கும் அதில் எந்த இடமும் இல்லை. எந்தப் பக்கம் வாக்களித்தீர்கள் என்பது ரகசியம். விசாவைப் பொறுத்தவரை, எஃப்-1 நிலை நிற்பது நீங்கள் முழுநேர மாணவராகப் பதிவு செய்து படிப்பைத் தொடர்வதன்மேல். டிஏ வேலையின்மேல் அல்ல. தொழிலாளர் சட்டம் தரும் பாதுகாப்பும் குடியுரிமை பார்த்துத் தரப்படுவதில்லை. இருந்தாலும் இன்றைய சூழலில் ஒவ்வொருவருடைய நிலையும் வேறுவேறாக இருக்கக்கூடும் என்பதால், வேலைநிறுத்தம் நெருங்கினால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அதற்கான கூட்டங்களைப் பல சங்கங்களே ஏற்பாடு செய்கின்றன. வாட்ஸாப் குழுவில் யாரோ அனுப்பிய செய்தியை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வேலைநிறுத்தத்தில் இறங்குவதற்கு விலை உண்டு. அதை உங்களிடம் மறைக்கும் சங்கத்தை நீங்கள் நம்பக் கூடாது. வேலை செய்யாத நாட்களின் ஊதியம் நிறுத்தப்படலாம். சங்கத்தின் வேலைநிறுத்த நிதியிலிருந்து உதவித்தொகை கிடைக்கும். 2022இல் கலிபோர்னியாவில் அது வாரத்துக்கு 400 டாலராக இருந்தது, அதைப் பெற மறியல் பணியில் பங்கேற்க வேண்டியிருந்தது. வாடகைக்கு அது போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 2023 ஜனவரி 31 அன்று மாணவ ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, நிர்வாகம் வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களின் கல்விக் கட்டண விலக்கையும் மருத்துவக் காப்பீட்டுக்கான உதவியையும் நிறுத்தியது. மாணவராகவும் ஊழியராகவும் ஒரே நேரத்தில் இருக்கும் நமக்கு இது தனிப்பட்ட ஆபத்து. தொழிற்சாலையில் முதலாளி சம்பளத்தையும் காப்பீட்டையும் நிறுத்தலாம், வகுப்பறையிலிருந்து ஒருவரை வெளியேற்ற முடியாது. எனவே வாக்களிக்கும் முன் உங்கள் குழுவிடம் நேரடியாகக் கேளுங்கள்: கட்டண விலக்கை நிறுத்தினால் என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள், நிதியில் எத்தனை வாரத்துக்குப் பணம் இருக்கிறது, அவசரத் தேவைக்கு யாரை அணுக வேண்டும்? இவற்றுக்குத் தெளிவான பதில் வராவிட்டால், வரும் வரை கேளுங்கள்.

எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பதும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். தனியார் பல்கலைக்கழகத்தில் இருந்தால் கூட்டரசின் சட்டம் பொருந்தும். மாணவ உதவியாளர்களும் ஊழியர்களே என்று 2016இல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தீர்ப்பளித்தது. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அந்தந்த மாநிலத்தின் சட்டம். கலிபோர்னியாவில் வேலைநிறுத்தத்துக்கு இடமுண்டு. நியூயார்க்கில் டெய்லர் சட்டம் பொதுத்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வதைத் தடை செய்து, நிறுத்திய ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் ஊதியத்தைப் பிடிக்க வகை செய்கிறது. மிச்சிகனிலும் சட்டத்தில் தடை இருக்கிறது. இருந்தும் அங்கு 2023இல் மாணவ ஊழியர்கள் மார்ச் இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள், தடையாணை கேட்டு நிர்வாகம் நீதிமன்றம் சென்றபோது நீதிபதி தர மறுத்தார். ஒரு மாநிலத்தில் நண்பருக்கு நடந்தது அடுத்த மாநிலத்தில் உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

வாக்குச்சீட்டின் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சில வாக்குச்சீட்டுகளில் 'நேர்மையற்ற தொழிலாளர் நடைமுறைகளை எதிர்த்து' என்ற தொடர் இருக்கும். பார்வைக்கு அது வழக்கமான கோஷம்போல் இருந்தாலும், அதற்குச் சட்டத்தில் தனிப் பொருள் உண்டு. ஊதியமும் சலுகைகளும் கேட்டு நடக்கும் வேலைநிறுத்தத்தில், வேலையை நிறுத்தியவர்களின் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆட்களை நியமிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1938இல் மெக்கே ரேடியோ வழக்கில் கூறிவிட்டது. தகவல் தர மறுத்தல், உறுப்பினர்களை மிரட்டுதல், மேசையில் நல்லெண்ணத்துடன் பேசாமல் இருத்தல் போன்ற சட்டமீறல்களை எதிர்த்து நடக்கும் வேலைநிறுத்தத்தில் அப்படி நிரந்தரமாக மாற்ற முடியாது. 2022இல் கலிபோர்னியாவில் நடந்ததும் சட்டமீறல்களை எதிர்த்த வேலைநிறுத்தம் என்றே அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தத் தொடரை எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். அதே பல்கலைக்கழகத்தில் 2024 மே மாதம், ஒப்பந்தம் நடப்பில் இருந்தபோதே, வளாகப் போராட்டங்களை நிர்வாகம் கையாண்ட விதத்தை எதிர்த்து 79% ஆதரவுடன் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒப்பந்தத்தின் வேலைநிறுத்தத் தடைப் பிரிவு மீறப்பட்டதாக நிர்வாகம் வாதிட்டது. ஜூன் 7 அன்று நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்தது. உறுப்பினர்களின் வாக்கு ஒரு குழுவுக்கு அதிகாரம் தரும். அந்த வேலைநிறுத்தம் சட்டப்படி நிற்குமா என்பது வேறு இடத்தில் முடிவாகும்.

ஆய்வு உதவியாளர்களாகிய ஆர்ஏக்களின் சங்கடத்தைத் தனியே குறிப்பிட விரும்புகிறேன், ஏனெனில் கூட்டங்களில் இதைப் பேச நம்மவர்கள் தயங்குகிறார்கள். டிஏவின் வேலைக்கு எல்லை தெரியும்: வகுப்பு, அலுவல் நேரம், விடைத்தாள். ஆர்ஏவுக்குச் சம்பளத்துக்கான வேலையும் சொந்த ஆய்வேடும் பெரும்பாலும் ஒன்றே. அவர் நிறுத்தினால் தாமதமாவது அவருடைய பட்டமும்தான். இன்குபேட்டரில் மூன்று வாரமாக வளர்த்த செல்களை யார் பார்த்துக்கொள்வது என்று என் ஆய்வகத் தோழி ஒருத்தி கேட்டபோது, என்னிடம் உடனடிப் பதில் இல்லை. பிறகு அவளையும் அழைத்துக்கொண்டு குழுவிடம் போனேன். உயிரினங்களின் பராமரிப்பும் பாதுகாப்பும் சார்ந்த பணிகளை எப்படி விலக்கி வைப்பது என்று அன்று அமர்ந்து எழுதினோம். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகே அவள் வாக்களித்தாள். 'நான் ஆர்ஏ, எனக்கு இது பொருந்தாது' என்று ஒதுங்குவதைவிட, உங்கள் வேலையின் சிக்கலைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

உங்களில் சிலர் 'இல்லை' என்று வாக்களிக்க நினைக்கலாம். நிர்வாகம் தந்திருக்கும் தொகை போதுமானது என்றோ, நேரம் சரியில்லை என்றோ கருதலாம். அதுவும் மதிக்க வேண்டிய வாக்கு. கணிசமான 'இல்லை' விழுந்தால், தன் பின்னால் நிற்பவர்கள் எவ்வளவு பேர் என்பதைக் குழு உண்மையாக அறிந்துகொள்ளும். பலமில்லாத நேரத்தில் வேலைநிறுத்தத்தில் இறங்கும் தவறு தடுக்கப்படும். என் மனம் 'ஆம்' பக்கம் சாய்ந்திருப்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் நான் உங்களிடம் கேட்பது வாக்கை. எந்தப் பக்கம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இன்னொரு வாக்கெடுப்பும் வரும் என்பதை மறந்துவிட வேண்டாம். குழுவும் நிர்வாகமும் தற்காலிக உடன்பாட்டுக்கு வந்த பிறகு, அதை ஏற்பதா மறுப்பதா என்று உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். வேலைநிறுத்தத்துக்கு அங்கீகாரம் தருவதில் காணப்படும் ஒற்றுமை அங்கே பெரும்பாலும் இருக்காது. கொலம்பியாவில் 2021 ஏப்ரலில், தங்கள் குழு கொண்டுவந்த உடன்பாட்டை உறுப்பினர்கள் 1,093-க்கு 970 என்ற கணக்கில் நிராகரித்தார்கள். இறுதி ஒப்பந்தம் வர அடுத்த ஜனவரி வரை ஆயிற்று. டெம்பிளில் முதல் உடன்பாட்டை, வாக்களித்தவர்களில் 92% பேர் நிராகரித்தார்கள். மார்ச் மாதம் வந்த அடுத்த உடன்பாட்டை ஏற்றார்கள். கலிபோர்னியாவில் நவம்பர் 14 அன்று 48,000 பேருடன் தொடங்கிய வேலைநிறுத்தத்தில், முதுமுனைவர் ஆய்வாளர்களும் கல்விசார் ஆய்வாளர்களும் டிசம்பர் தொடக்கத்திலேயே தங்கள் ஒப்பந்தத்தை ஏற்றுத் திரும்பினார்கள். மாணவ ஊழியர்களின் இரு பிரிவுகளும் டிசம்பர் 23 அன்று ஏற்றபோது, ஒரு பிரிவில் 61.6%, மற்றதில் 68.4% ஆதரவுதான் இருந்தது. சுமார் 23,000 டாலராக இருந்த பகுதிநேர டிஏக்களின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 2024 அக்டோபருக்குள் சுமார் 34,000 டாலராக உயரும் என்ற ஒப்பந்தம் அது. இருந்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் அதை எதிர்த்தார்கள், வாடகை அதைவிட வேகமாக உயர்கிறது என்று காரணம் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். முதல் வாக்கெடுப்பிலிருந்து உள்ளே இருந்தவர்களுக்குத்தான் அந்தக் கடைசி வாக்கைச் சிந்தித்துப் போட முடிந்தது. வெளியிலேயே நின்றவர்களுக்கு அன்றைக்குக் கையில் கிடைத்தது நூறு பக்க ஒப்பந்தமும் மூன்று நாள் அவகாசமும்தான்.

ஊரில் இருக்கும் பெற்றோரிடம் என்ன சொல்வது என்று அந்தத் தம்பி கடைசியாகக் கேட்டார். 'ஸ்டிரைக்' என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் அம்மா, படிப்பை விட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அழத் தொடங்கிவிட்டாராம். என் அம்மாவும் அப்படித்தான் பயந்தார். நான் அவரிடம், "சம்பள ஒப்பந்தம் பேசுறாங்கம்மா, பேச்சு சரியா வரலைன்னா என்ன பண்ணலாம்னு எங்களைக் கேக்குறாங்க" என்று சொன்னேன். அவருக்கு அது புரிந்தது. உண்மையும் அதுவே என்பதால், பிறகு எதையும் மாற்றிச் சொல்ல வேண்டிய நிலை எனக்கு வரவில்லை.

அந்தத் தம்பியின் பல்கலைக்கழகத்தில் வாக்கெடுப்பு வரும் வெள்ளிக்கிழமை இரவு முடிகிறது. அறைத் தோழர்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு வியாழக்கிழமை நடக்கும் கேள்வி–பதில் கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். கட்டண விலக்கைப் பற்றிய கேள்வியை அவரே கேட்கப்போகிறார். உங்கள் பல்கலைக்கழகத்திலும் இப்படியொரு கூட்டம் நடக்கும். பேச்சுவார்த்தை அமர்வுகளை உறுப்பினர்கள் பார்க்க அனுமதிக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. ஒரு நாளாவது போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, எதிர்த்தரப்பு நீட்டும் தாளை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

அன்புடன்,
முன்னாள் துறைப் பிரதிநிதி ஒருவர்